யாருடைய மண்ணில் மண்வீடு?

திருக்கழுக்குன்றத்துக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு கிராமம். ஏரிக்கரையை ஒட்டி இருபத்தைந்து சென்ட் நிலம். வரப்பில் வரிசையாகப் பனைமரங்கள், மேற்கே பார்த்தால் வேதகிரி மலை. அந்த நிலத்துக்கு நான் இரண்டு லட்ச ரூபாய் முன்பணம் கொடுத்தேன். பணம் திரும்பி வரவில்லை. வருத்தமே இல்லை என்று எழுதினால் பொய், ஐ.டி. கம்பெனியில் சம்பளம் வாங்குகிறவனுக்கும் இரண்டு லட்சம் இரண்டு லட்சம்தான். ஆனால் பணத்தைவிட அதிகமாக என்னை அரிப்பது வேறொன்று. அங்கே ஒரு மண்வீடு கட்டுவதற்காக எட்டு மாதம் அலைந்தேன். சுவருக்கு எந்த மண், பூச்சுக்கு எந்தச் சுண்ணாம்பு, கூரைக்கு எந்த ஊர் ஓடு, தரைக்கு ரெட் ஆக்சைடா ஆத்தங்குடியா என்று கண்ணில் பட்டவர்களையெல்லாம் கேட்டேன். பட்டா பார்த்தேன், வில்லங்கம் பார்த்தேன். இந்த நிலம் முன்னால் யாருடையதாக இருந்தது என்று மட்டும் ஒருவரிடமும் கேட்கவில்லை.

இப்படி அலைகிறவன் நான் ஒருவன் மட்டும் இல்லை. மகிந்திரா சிட்டியில் மதியச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தால் நாலு பேரில் ஒருவராவது மதுராந்தகம் பக்கம், செய்யூர் பக்கம், உத்திரமேரூர் பக்கம் ‘ஒரு சின்ன இடம்’ பார்த்துக்கொண்டிருப்பார். எல்லோர் போனிலும் ஒரே மாதிரி வீடியோக்கள். ட்ரோன் மேலிருந்து இறங்கும். தென்னந்தோப்புக்கு நடுவில் செம்மண் நிறத்தில் ஒரு வீடு. கார்ப்பரேட் வேலையை உதறிவிட்டு வேர்களைத் தேடி வந்த தம்பதி. ஊஞ்சல், பித்தளைச் சொம்பு, கைத்தறிப் புடவை, ஒரு நாட்டுக்கோழி. கொத்தனாரின் கைகள் மூன்று விநாடி வரும், முகம் வராது. சுண்ணாம்பு எத்தனை நாள் ஊற வேண்டும், கடுக்காய் எவ்வளவு, பனைவெல்லம் எவ்வளவு என்பதற்குப் பத்து நிமிடம். நிலத்துக்கு ஒரே வாக்கியம்: ‘இங்க ஒரு இடம் அமைஞ்சுது.’

அமைஞ்சுது. அந்த வினைச்சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். வரன் அமைவதுபோல, யாரும் விற்காமல், யாரும் இழக்காமல், தானாக அமைந்துவிடுகிறது. இந்தக் கட்டுரையே அந்த ஒரு சொல்லோடு சண்டை போடத்தான்.

என் ஆசை எங்கே தொடங்கியது என்று நன்றாக நினைவிருக்கிறது. முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தட்சிணசித்ராவுக்குப் பள்ளியிலிருந்து சுற்றுலா கூட்டிப்போனார்கள். தென்மாநிலங்களின் பழைய வீடுகளைப் பிரித்து எடுத்துவந்து அங்கே மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். ஒரு திண்ணையில் உட்கார்ந்து அம்மா கட்டிக்கொடுத்த புளிசாதத்தைச் சாப்பிட்டேன். செங்கல்பட்டில் நாங்கள் இருந்தது ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட வாடகை வீடு. மே மாதத்தில் ஃபேன் போட்டால் சூடுதான் சுற்றி வரும். அந்தத் திண்ணையின் குளிர்ச்சி முதுகில் ஒட்டிக்கொண்டது. வேலைக்குப் போனபின் லாரி பேக்கரைப் படித்தேன். குளிர்ச்சிக்கு ஒரு தத்துவமும் கிடைத்துவிட்டது.

பேக்கர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. 1917இல் பர்மிங்காமில் பிறந்தவர், 2007இல் திருவனந்தபுரத்தில் இறக்கும்வரை குறைந்த செலவு வீடு என்பதை ஒரு அறமாகவே செய்துகாட்டினார். செங்கல்லைக் குத்தாக நிறுத்தி நடுவில் வெற்றிடம் விட்டுச் சுவர் எழுப்புவார். செங்கலும் மிச்சம், வெயிலும் உள்ளே இறங்காது. தளம் போடும்போது பாரம் தாங்கத் தேவையில்லாத அடிப்பகுதியில் பழைய ஓடுகளைப் பதித்துக் கான்கிரீட்டைக் குறைப்பார். காந்தி தன்னிடம் சொன்னதாக அவர் நினைவுகூரும் ஒரு விஷயம் நம் ஆட்கள் எல்லோருக்கும் மனப்பாடம்: லட்சிய கிராமத்தின் லட்சிய வீடு, ஐந்து மைல் தூரத்துக்குள் கிடைக்கிற பொருட்களால் கட்டியதாக இருக்க வேண்டும்.

என் வீட்டுத் திட்டத்தை இந்த ஐந்து மைல் கணக்கில் வைத்து எக்செல் ஷீட் போட்டுப் பார்த்தேன் (பழக்கதோஷம்). தரை டைல்ஸ் காரைக்குடிப் பக்கத்திலிருந்து. தூண்கள், இடித்த செட்டிநாட்டு வீடு ஒன்றிலிருந்து. கதவு கேரளத்துப் பலா. மண்கல் அடிக்கிற இயந்திரம் ஆரோவில் பக்கமிருந்து. அந்த மண்கல்லிலும் நூற்றுக்கு ஐந்து பங்கு சிமெண்ட். ஐந்து மைலுக்குள் கிடைத்தவை மூன்றே மூன்று: மண், தண்ணீர், கூலியாள். மூன்றாவதைக் காந்தி கட்டுமானப் பொருளாக எண்ணியிருக்க மாட்டார்.

அந்தக் கூலியாட்களில் மூத்தவர் ஒரு கொத்தனார். அறுபதை நெருங்கியவர், அதே கிராமத்துக் காலனிக்காரர். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னை சார் என்பார். ஐபேடில் படங்களைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“சார், கடன் கிடன் ஆயிடுச்சா?”

“இல்லையேண்ணே, ஏன்?”

“இல்ல, காசு கீறவரு மண்ணுல கட்றேன்றீங்களேன்னு.”

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. “எங்க ஆயா வருஷா வருஷம் ஐப்பசி மழைக்கு முன்னாடி செவுத்த மெழுகும் சார். மண்ணும் சாணியும் கொழைச்சுக் கொழைச்சு கையெல்லாம் வெடிச்சுப்பூடும். கார்த்திகை முடிஞ்சா பாதி செவுரு வாசல்ல கெடக்கும். நான் கொத்து வேலைக்குப் போனதே அந்தச் செவுத்து மேல இருந்த கோவத்துலதான்.”

நாம் ‘பராமரிப்பு’ என்று வீடியோவில் ஒரு சொல்லில் தாண்டுவது யாரோ ஒரு பெண்ணின் வெடித்த கை. ‘மூச்சு விடும் சுவர்’ என்கிறோம். அது மழைக்காலத்தில் குளித்த சுவரும்கூட; அதற்கு எறும்பும் எலியும் பாம்பும் உண்டு. கீற்றை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், மாற்றக் காசில்லாத வருஷம் கூரையின்மேல் பிளாஸ்டிக் பேனர்தான், அதில் ஏதோ ஒரு கட்சித் தலைவர் சிரித்துக்கொண்டிருப்பார். 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தபோது நான் மறைமலைநகர் ஃப்ளாட்டில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு, நெட் போய்விட்டதே என்று புலம்பிக்கொண்டிருந்தேன். அன்று கொத்தனாரின் தங்கை வீட்டுக் கூரை மொத்தமாகப் பெயர்ந்து ஏரித் தண்ணீரில் போய் விழுந்தது.

ஓலைக்கூரைக்கு இன்னொரு குணமும் உண்டு. எரியும். 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் ஒதுங்கிய 44 பேர் எரிந்து செத்தார்கள். கூரை என்ற சொல்லைக் கேட்டால் எனக்குத் தட்சிணசித்ரா நினைவுக்கு வருகிறது, இன்னொருவருக்கு வெண்மணி நினைவுக்கு வருகிறது. இரண்டு பேரும் தமிழர்கள்தான், இருவருக்கும் வேர்கள் இருக்கின்றன.

அதனால்தான் காலனிகளில் கையில் நாலு காசு சேர்ந்ததும் முதல் வேலையாகத் தளம் போடுகிறார்கள். நாம் அந்த வழியாகக் காரில் போகும்போது உதட்டைப் பிதுக்குகிறோம். என்ன இது, ரோஸ் பெயிண்ட், பச்சை பெயிண்ட், தீப்பெட்டி மாதிரி வீடு, வெக்கையில் எப்படி இருப்பார்கள், பாரம்பரியம் எல்லாம் போச்சே! இப்படிப் பேசிய வாய் என்னுடையதும்தான். அந்தத் தீப்பெட்டி வீடுகளுக்கு என்ன நடந்திருக்கிறது என்று பார்ப்போம். 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியன்குளத்தில் காவல்துறை புகுந்து வீடுகளையும் பொருட்களையும் நொறுக்கியது. வளைகுடா நாடுகளுக்குப் போய்ச் சம்பாதித்த காசில் கொஞ்சம் நிமிர்ந்திருந்த ஊர் அது. 2012 நவம்பர் 7 அன்று தருமபுரியில் நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று இடங்களில் 250க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டன. நத்தம்காரர்களில் நிறையப் பேர் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வந்து அந்த வீடுகளைக் கட்டியவர்கள். நானும் நகரத்தில் சம்பாதித்த காசில்தான் கிராமத்தில் வீடு கட்டப் பார்த்தேன். நான் கட்டினால் வீடியோ. அவர்கள் கட்டினால் ஊருக்குக் கண் உறுத்துகிறது.

சுற்றுச்சூழல் என்பீர்கள். நியாயமான கேள்விதான். உலகம் வெளிவிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 8 சதவீதம் சிமெண்டிலிருந்து வருகிறது. அந்தக் கணக்கை யாரிடம் காட்டுவது? பழைய மாமல்லபுரம் சாலை நெடுக எழும்பியிருக்கும் கண்ணாடிக் கட்டடங்களிடமா, 360 சதுர அடிக்காரரிடமா? 2024இல் தொடங்கிய ‘கலைஞரின் கனவு இல்லம்’ திட்டத்தில் ஒரு வீட்டின் அளவு அந்த 360 சதுர அடி, அதற்கு அரசு தருவது மூன்றரை லட்ச ரூபாய். குடிசையில்லாத் தமிழ்நாடு என்பது முழக்கம். அதே வருஷம், குடிசை மாதிரியே தெரிகிற ஒரு வீட்டுக்கு எனக்கு வந்த முதல் மதிப்பீடு நாற்பத்தெட்டு லட்சம்.

சரி, நிலத்துக்கு வருகிறேன்.

முன்பணம் கொடுத்து மூன்று வாரம் ஆகியிருந்தது. கிணறு எங்கே வெட்டலாம் என்று பார்க்கப் போனோம். கொத்தனார் வரப்பில் நின்று ஒரு பனங்காயைக் காலால் உருட்டிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்: “இது டி.சி. நெலம் சார். எங்காளுங்களுக்கு வெள்ளக்காரன் குடுத்தது. எங்க தாத்தா காலத்துல ஊர்க்காரங்க கைக்குப் போயிடுச்சு.”

இதை முன்னாலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். “நீங்க கேக்கலியே சார். மண்ணு எப்டி இருக்கும்னுதான கேட்டீங்க.”

தரகருக்குப் போன் செய்தேன். அதெல்லாம் அந்தக் காலம் சார், ஆன்லைன்ல பாருங்க, கிளீனா இருக்கு என்றார். பார்த்தேன். கிளீனாகத்தான் இருந்தது. பட்டா விற்பவர் பெயரில். வில்லங்கத்தில் இரண்டு கிரயம், ஒரு அடமானம், அதுவும் தீர்ந்துவிட்டது. வக்கீல் ஒப்பீனியன் நாலு பக்கம், கடைசியில் ‘தெளிவான உரிமை’.

மென்பொருள் எழுதுகிற எனக்கு இந்த இடத்தில் ஒன்று உறைத்திருக்க வேண்டும். 1980களில் தமிழக வருவாய்த்துறை நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்தது, யு.டி.ஆர். என்பார்கள். எங்கள் பாஷையில் சொன்னால் ஒரு மாபெரும் டேட்டா மைக்ரேஷன். பழைய அ-பதிவேட்டில் சர்வே எண்ணுக்கு நேரே இருந்த ‘டி.சி.’ என்ற குறிப்பு, அதாவது ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு ஒப்படைத்தது என்ற குறிப்பு, பல கிராமங்களில் புதிய பதிவேட்டில் ஏறவில்லை. எங்கள் கம்பெனியில் மைக்ரேஷனின்போது ஒரு ஃபீல்டு விடுபட்டால் ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பிக் கேள்வி கேட்பார்கள். இங்கே விடுபட்டது ஒரு தெருவின் சொத்து, யாரும் யாரையும் எழுப்பவில்லை. இன்று நாம் ஆன்லைனில் பார்ப்பது அந்த மைக்ரேஷனுக்குப் பிறகான தரவைத்தான். வில்லங்கச் சான்றை எத்தனை வருஷத்துக்குப் போட்டாலும் அது பத்திரப்பதிவை மட்டுமே காட்டும், ஒப்படையைக் காட்டாது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டு, ஒருமுறை மேல்முறையீடும் செய்து, பழைய பதிவேட்டின் நகல் கைக்கு வர நான்கு மாதம் ஆனது. மங்கலான ஜெராக்ஸ். சர்வே எண்ணுக்கு நேரே அந்த இரண்டெழுத்து இருந்தது.

நான் செங்கல்பட்டில் பிறந்து வளர்ந்தவன். பஞ்சமி நிலம் என்ற கதை தொடங்கியதே என் ஊரில்தான் என்பது எனக்கு முப்பத்தைந்து வயதில் தெரிந்தது. கொத்தனாருக்குப் பள்ளிக்கூடம் போகாமலேயே தெரிந்திருக்கிறது.

1891இல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரெமென்ஹீர், மாவட்டத்தின் பறையர் மக்களைப் பற்றி அரசுக்கு ஒரு நீண்ட குறிப்பு எழுதினார். நிலமில்லை, கூலி போதாது, கடனுக்கு அடிமையாகக் கிடக்கிறார்கள். தரிசு நிலத்துக்கு மனு போட்டாலும் அதில் முன்னுரிமை மிராசுதாருக்குத்தான், ஆகவே எந்தக் காலத்திலும் இவர்கள் கைக்கு நிலம் வராது. இவர்களுக்கென்று நிலம் ஒதுக்குங்கள் என்பது அவர் வாதம். அதைத் தொடர்ந்து 1892 செப்டம்பர் 30 தேதியிட்ட வருவாய்த்துறை அரசாணை 1010 வந்தது. அந்த வழியில் ஒப்படைத்த நிலங்களுக்கு நிபந்தனை உண்டு: முதல் பத்து வருஷம் விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே விற்கலாம், மீறினால் அந்த விற்பனை செல்லாது. சென்னை மாகாணம் முழுக்கப் பன்னிரண்டு லட்சம் ஏக்கர் இப்படிக் கொடுக்கப்பட்டதாகத் தலித் இயக்கங்கள் சொல்லிவருகின்றன. எவ்வளவு அவர்கள் கையில் மிச்சம் இருக்கிறது என்பதை எந்த ஊர் காலனியிலும் போய்க் கேட்டுப் பாருங்கள்.

ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது சாகுபடி நிலத்தின் கதையைவிட மனையின் கதை. ரூபா விஸ்வநாத் 2014இல் வெளியிட்ட ‘தி பறையா பிராப்ளம்’ நூலில் அந்தக் காலத்துச் செங்கல்பட்டு விரிவாக வருகிறது. சேரியில் குடியிருந்தவர்களுக்கு அவர்கள் குடியிருந்த மனையே சொந்தமில்லை. அது மிராசுதாருடையது என்பதுதான் வழக்கு. கூலி உயர்த்திக் கேட்டால், வேறு பண்ணைக்கு வேலைக்குப் போனால், மிஷனரியிடம் போய்ச் சேர்ந்தால், ‘மனையைக் காலி செய்’ என்று சொல்லலாம். அன்றைய மிஷனரிகள் மனையுரிமைக்காக அரசோடு மல்லுக்கட்டியதற்குக் காரணம் இதுதான். ஸ்காட்லாந்து மிஷனரி ஆடம் ஆண்ட்ரூ தனியாக நிலம் பிடித்து உண்டாக்கிய மெல்ரோசாபுரம் குடியிருப்பு, நான் தினமும் வேலைக்குப் போகிற வழியிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. பத்து வருஷமாக அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்து, ஏதோ வெள்ளைக்காரன் பெயர் என்று நினைத்துக் கடந்திருக்கிறேன்.

இப்போது அந்தச் சேரி வீட்டை நம் லட்சிய வீட்டுப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். குடியிருக்கிறவரே தன் கையால் கட்டியது. மண் பக்கத்து ஏரியிலிருந்து. வாரை ஊர்ப் பனையிலிருந்து. ஓலை அதே பனையிலிருந்து. சிமெண்ட் ஒரு சிட்டிகை கிடையாது. ஐந்து மைல் நிபந்தனையை நூற்றுக்கு நூறு நிறைவேற்றிய வீடு. பேக்கரே பார்த்தால் மெச்சியிருப்பார். ஒரே ஒரு குறை, அது நின்ற இடம் அவர்களுடையது இல்லை. அந்த ஒரு குறைதான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானித்தது. எந்த நேரமும் கிளப்பிவிடக்கூடிய ஒருவன் செங்கல் சுவர் எழுப்புவானா? கிணறு வெட்டுவானா? மண்ணும் ஓலையும் அவர்களுடைய ‘பாரம்பரியத் தொழில்நுட்பம்’ ஆனதில் பாதிக் காரணம், அடுத்த அறுவடைக்கு அங்கே இருப்போமா என்று தெரியாததுதான் என்று நினைக்கிறேன். விவசாயத் தொழிலாளர்களுக்குக் குடியிருப்பு மனையைச் சொந்தமாக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 1971இல்தான் வந்தது. திரெமென்ஹீர் எழுதி எண்பது வருஷம் கழித்து.

சட்டம் வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். செங்கல்பட்டுப் பகுதியில் காரணை என்ற கிராமத்தில் தங்கள் பஞ்சமி நிலத்தை மீட்க மக்கள் இறங்கினார்கள். நிலத்தில் அம்பேத்கர் சிலை வைத்தார்கள், அது அகற்றப்பட்டது. அதைக் கண்டித்து 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் ஊர்வலம் போனபோது போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் இறந்தார்கள். அன்று நான் அதே செங்கல்பட்டில் சின்னப் பையன். பள்ளியை சீக்கிரம் விட்டதும், அப்பா சைக்கிளில் வந்து சந்து வழியாகக் கூட்டிப்போனதும் நினைவிருக்கிறது. என்னப்பா என்று கேட்டதற்கு, ஒன்றுமில்லை, ஏதோ நிலத் தகராறு என்றார். எங்கள் வீட்டில் அது ஒரு நாள் தகராறாகவே முடிந்துபோனது. நாங்கள் ஊர்த் தெருக்காரர்கள், அதனால் அப்படி முடிந்தது.

இதையெல்லாம் சொன்னதும் நண்பர்கள் இரண்டு மூன்று விதமாகப் பேசினார்கள். ஒருவன், ஈ.சி.ஆரில் ரிசார்ட் கட்டுகிறவனை விட்டுவிட்டு மண்வீடு கட்டுகிற அப்பாவியை ஏன் அடிக்கிறாய் என்றான். ரிசார்ட்காரன் காசு பண்ண வந்தவன், அதை மறைப்பதுமில்லை. நாம் மட்டும்தான் நிலத்தோடு சேர்த்துப் புண்ணியத்தையும் கிரயம் பண்ணப் பார்க்கிறோம். எளிமை, வேர், இயற்கை என்று இத்தனை சொற்களைப் போட்டுக்கொள்கிறவனிடம் ஒரு கேள்வி அதிகமாகத்தான் கேட்க வேண்டியிருக்கும்.

இன்னொருத்தி சொன்னாள், நீ வாங்காவிட்டால் வேறு யாராவது வாங்கப் போகிறார்கள், அந்த நிலம் உரியவரிடம் திரும்பப் போவதில்லை, அப்புறம் என்ன? உண்மை. வாங்காமல் விட்டதால் நான் யாருக்கும் எதையும் மீட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் இந்த ‘அப்புறம் என்ன’ என்ற மூன்று தலைமுறைத் தோள்குலுக்கலில்தான் அந்த நிலமே கைமாறியிருக்கிறது. நாலாவது தோள் என்னுடையதாக இருக்க வேண்டாம் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

அப்படியானால் நகரத்துக்காரன் கிராமத்தில் வீடே கட்டக் கூடாதா? நான் அப்படிச் சொல்லவில்லை. 1966இல் கே.சி.எஸ். பணிக்கரும் அவரோடு இருந்த ஓவியர்களும் ஈஞ்சம்பாக்கத்தில், அப்போது அது செங்கல்பட்டு மாவட்டம், பத்திக் துணி விற்ற காசைப் போட்டுச் சோழமண்டலத்தை உண்டாக்கினார்கள். வேலை செய்ய ஒரு இடம் வேண்டும் என்றுதான் போனார்கள். கட்டுங்கள். மண்ணில் கட்டுங்கள், கல்லில் கட்டுங்கள். ஆனால் யு.டி.ஆருக்கு முந்தைய அ-பதிவேட்டின் நகலை வாங்கிப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள். தாலுகா அலுவலகத்தில் இல்லை என்பார்கள், மனு போடுங்கள். நான்கு மாதம் ஆகும். சுண்ணாம்பு ஊறுவதற்குப் பொறுமையாகக் காத்திருக்கிறவர்களுக்கு நான்கு மாதம் ஒரு பொருட்டா? அதைவிடச் சுலபமான வழி, காலனிப் பக்கம் போய் வயசான ஒருவரிடம் கேட்பது. அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். டி.சி. என்று தெரிந்தால் விட்டுவிடுங்கள். ஏற்கெனவே வாங்கிக் கட்டிக் குடியேறியவர்கள் என்ன செய்வது என்று கேட்டால் எனக்குச் சுலபமான பதில் இல்லை. முன்பணத்தோடு நின்றவன் நான், முழுப்பணம் கொடுத்தவருக்கு உபதேசம் செய்ய நாக்கு வரவில்லை. குறைந்தபட்சம் அந்த வீடியோவில் ‘அமைஞ்சுது’ என்று சொல்லாமல் இருங்கள்.

நான் விட்ட இடத்தை இரண்டே மாதத்தில் இன்னொருவர் வாங்கிவிட்டார். அவரும் எங்கள் துறைதான், ஆனால் சோழிங்கநல்லூர். பனைமரங்களை வெட்டாமல் வைத்திருக்கிறார், அதற்காக அவரைப் பாராட்ட வேண்டும். மண்வீடுதான் எழும்புகிறது. கொத்துவேலை அதே கொத்தனார்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவரைப் பார்க்கப் போனேன். கனவு இல்லம் திட்டத்தில் அவர் பெயர் வந்து, காலனியில் அவருடைய மனையில் சுவர் எழுந்து, முந்தின நாள்தான் தளம் போட்டிருந்தார்கள். ஏணி வைத்து மேலே ஏறினோம். தளத்தில் சிமெண்ட் கலவையால் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்கியிருந்தார். அதில் வானம் தெரிந்தது. தூரத்தில் பனைமரங்களும் அவற்றுக்குக் கீழே பாதி எழும்பிய செம்மண் சுவரும் தெரிந்தன. டியூபைப் பிடித்துக்கொண்டு நின்றவர் என்னைப் பார்க்காமலே சொன்னார்:

“பகல்ல அங்க மண்ணு கொழைக்கிறேன். சாயங்காலம் வந்து இதுக்குத் தண்ணி காட்றேன் தம்பி. அந்த மூலைல காயுது பாரு, டியூப கொஞ்சம் அப்டி இழு.”

இழுத்தேன்.